தட்டினால் எழுத்து வருமா?

டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு குறித்துச் சென்ற மாதம் எழுதியிருந்த விடையில், 'தட்டுதல் சிகிச்சை அச்சத்தைக் குறைக்கலாம். அதனால் வாசிப்பு வராது' என்று ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். உடலின் சில இடங்களில் விரலால் தட்டி மன வருத்தத்தைத் தணிக்க முயலும் முறை அது. அந்த ஒரு வரியைத் தொட்டே இம்மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. விரிவாக எழுதியிருக்க வேண்டியதைச் சுருக்கிவிட்டேன் என்பது அவற்றைப் படித்தபோது புரிந்தது. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இப்பொருளுக்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு படிக்கிறான். டிஸ்லெக்சியா இருப்பதாகச் சென்ற ஆண்டு கண்டறிந்தார்கள். வாரம் மூன்று நாள் சிறப்பாசிரியரிடம் செல்கிறான். உறவினர் ஒருவர் சொல்லித் தட்டுதல் சிகிச்சை தருபவரிடம் அழைத்துச் சென்றோம். பத்து அமர்வுகளில் வாசிப்பு சரியாகிவிடும் என்கிறார். இரண்டு அமர்வுகளே முடிந்துள்ளன. முன்பெல்லாம் புத்தகத்தைப் பார்த்தாலே அழுதவன் இப்போது அழாமல் உட்கார்கிறான். இரண்டுக்கும் பணம் கட்ட இயலவில்லை. சிறப்பாசிரியரை நிறுத்திவிட்டு இதையே தொடரலாமா?
— ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: சகோதரி, சிறப்பாசிரியரை நிறுத்த வேண்டாம். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நிறுத்த வேண்டியது தட்டுதலை. மகன் அழுவதை நிறுத்தியிருப்பது சிறிய செய்தியன்று என்பதை அறிவேன். அதைத் தந்த ஒன்றைக் கைவிடச் சொல்வதால், காரணத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

உங்கள் மகனுக்குச் செய்யப்படுவது இ.எஃப்.டி. (Emotional Freedom Techniques, உணர்ச்சி விடுதலை நுட்பங்கள்) என்னும் முறையாக இருக்கும். அமெரிக்க உளவியலாளர் ராஜர் கலஹன் 1980களில் உருவாக்கிய ஒரு முறையை, பொறியாளரான கேரி கிரெய்க் 1990களில் எளிமையாக்கி இவ்வடிவத்தைத் தந்தார். உள்ளங்கையின் பக்கவாட்டில் தொடங்கி, புருவத்தின் உள்முனை, கண்ணின் வெளிப்புறம், கண்ணுக்குக் கீழ், மூக்குக்குக் கீழ், முகவாய், காறை எலும்பு, அக்குளுக்குக் கீழ், உச்சந்தலை எனச் சில இடங்களில் விரல் நுனிகளால் மெல்லத் தட்டியபடி, மனத்தை வருத்துவதை வாய்விட்டுச் சொல்லி, 'இருந்தபோதிலும் நான் என்னை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்' என்ற பொருள்பட ஒரு தொடரையும் திரும்பத் திரும்பச் சொல்வதே இதன் நடைமுறை. உடலில் கண்ணுக்குத் தெரியாத ஆற்றல் பாதைகள் ஓடுவதாகவும், இவ்விடங்கள் அவற்றின் மேல் இருப்பதாகவும் இம்முறையினர் நம்புகிறார்கள். தட்டுவதற்கு முன்பும் பின்பும், 'இப்போது உன் வருத்தம் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?' என்று கேட்பார்கள். ஜோசப் வோல்பி என்ற உளமருத்துவர் அச்ச நோய்களுக்காக வகுத்த அளவுகோலின் வழிவந்தது அக்கேள்வி.

அந்த அளவுகோல் எதை அளக்கிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். எட்டு என்று சொன்ன குழந்தை மூன்று என்று சொன்னால் அச்சம் குறைந்திருக்கிறது. அன்று அவன் எத்தனை சொற்களைப் பிழையின்றிப் படித்தான் என்பது அந்த எண்ணில் எங்கும் இல்லை. அழுகை நின்றதைக் கண்டு வாசிப்பும் தொடங்கிவிட்டதாக நாம் நம்பிவிடுகிறோம். பெற்றோரின் ஏக்கம் அப்படிப்பட்டது. ஆனால் பேச்சில் உள்ள ஒலிகளைத் தனித்தனியே பிரித்துணர்வதிலும், அவற்றை எழுத்துகளோடு விரைவாக இணைப்பதிலும் உள்ள தடையே டிஸ்லெக்சியா. அந்த இணைப்பை ஒருவர் உடனிருந்து, படிப்படியாக, நாள்தோறும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. வாசிப்புக் குறைபாட்டுக்கான பல்வேறு சிகிச்சைகளைப் பற்றிய 22 கட்டுப்பாட்டு ஆய்வுகளை (சிகிச்சை பெற்றவர்களைப் பெறாதவர்களோடு ஒப்பிடும் ஆய்வுகளை) ஒருங்கே வைத்து, ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2014இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். பக்கத்தின் மேல் வைத்துப் படிக்கும் வண்ணத் தாள்கள், செவிப்பயிற்சி, மருந்து என எல்லாவற்றையும் எடைபோட்ட அதில், பயன் உறுதிப்பட்ட ஒரே வழி, ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை முறையாகக் கற்பிப்பதுதான். உங்கள் சிறப்பாசிரியர் செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

பத்து அமர்வு என்ற வாக்குறுதியை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மகன் இதுவரை படித்திராத, அவன் வகுப்புக்கு ஏற்ற ஒரு பத்தியை எடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாகப் படிக்கிறான் என்று குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து, அதே அளவு கடினமான வேறொரு பத்தியைக் கொண்டு மீண்டும் பாருங்கள். வாசிப்பு சரியாகும் என்று உறுதி கூறுபவர் இந்தச் சோதனைக்கு உடன்பட வேண்டும். தயங்கினால், அந்தத் தயக்கத்தையே விடையாகக் கொள்ளுங்கள்.

ஒன்பது வயது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நான்காம் வகுப்புக்குப் பிறகு பாடங்கள் வாசிக்கக் கற்றுத்தருவதில்லை. வாசிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே நடக்கின்றன. இந்த வயதில் பறிபோகும் ஆறு மாதத்தின் விலை, நீங்கள் கட்டிய கட்டணத்தைவிடப் பன்மடங்கு.

கேள்வி: நான் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தட்டுதல் பயிற்சி அளித்து வருகிறேன். என்னிடம் வந்த பிள்ளைகளில் பலர் தைரியமாகப் படிக்கத் தொடங்கியதைக் கண்ணாரக் கண்டவன். பயம்தான் மூளையைப் பூட்டி வைக்கிறது. பூட்டைத் திறந்தால் படிப்பு தானே வரும். உடலில் ஓடும் ஆற்றல் பாதைகளை ஆய்வகத்தில் காட்ட முடியவில்லை என்பதற்காக, அனுபவத்தில் கண்ட பலனை மறுப்பது நியாயமா?
— ஒரு பயிற்றுநர், மதுரை

பதில்: ஐயா, தாங்கள் கண்டதை நான் மறுக்கவில்லை. பிள்ளைகள் அமைதியடைந்திருப்பார்கள் என்பதை முழு மனத்துடன் ஏற்கிறேன். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்ன கணத்தில் நாக்கு வறண்டு, கை வியர்த்து நிற்கும் குழந்தைக்குத் தெரிந்த எழுத்தும் மறந்துபோகும். அச்சம் கவனத்தைப் பறித்துக்கொள்கிறது. எழுத்துக்குச் செல்ல வேண்டிய கவனம், யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பதில் செலவாகிறது. இந்த அளவில் தாங்கள் சொல்வது சரி.

ஆனால் அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்பதில் கருத்து வேறுபடுகிறேன். கனடாவில் 119 கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்தி, 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. ஒரு குழுவினர் இ.எஃப்.டி. கூறும் இடங்களில் தட்டினார்கள். இன்னொரு குழுவினர் அம்முறையில் இல்லாத வேறு இடங்களில் தட்டினார்கள். மூன்றாம் குழுவினர் தங்கள் உடலைத் தொடாமல் ஒரு பொம்மையைத் தட்டினார்கள். மூன்று குழுவிலும் அச்சம் குறைந்தது. எதையும் தட்டாத நான்காம் குழுவில் அப்படிக் குறையவில்லை. பொம்மையின் மேல் தட்டியவருக்கும் அதே ஆறுதல் கிடைத்திருக்கிறது என்றால், பலனைத் தந்தது உடலின் ஆற்றல் பாதை என்று எப்படிக் கொள்வது? அஞ்சுவதை வாய்விட்டுச் சொல்லியதும், சீரான ஓர் அசைவில் மனம் ஊன்றியதும், பரிவுடன் ஒருவர் அருகில் அமர்ந்திருந்ததுமே அந்த ஆறுதலுக்குப் போதுமானவை. ஒவ்வொரு சிக்கலுக்கும் தட்ட வேண்டிய இடங்களின் வரிசை வெவ்வேறு என்று கலஹன் வற்புறுத்தினார். எல்லாச் சிக்கலுக்கும் ஒரே வரிசை போதும் என்று கிரெய்க் அதை மாற்றினார். இரு முறையிலும் மக்கள் பலன் கண்டதாகவே கூறினார்கள். வரிசையும் இடமும் இன்றியமையாதவை அல்ல என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

பயம் பூட்டு, படிப்பு உள்ளே இருக்கும் பொருள் என்ற உவமையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பெரும்பாலான பிள்ளைகளிடம் முதலில் வருவது வாசிப்புத் தடை; அதன் மேல் ஏளனமும் அடியும் ஒப்பீடும் விழுந்த பிறகே அச்சம் வருகிறது. பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி 1896இல் எழுதிய குறிப்பு, இக்குறைபாட்டைப் பற்றிய முதல் ஆவணங்களில் ஒன்று. ஏழு வயதுமுதல் ஆசிரியர்களை வைத்துக் கற்பித்தும் அவனால் எழுத்துக்கூட்டிப் படிக்க இயலவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். விளையாட்டில் மற்றவருக்கு இளைத்தவனல்ல. பாடங்களை வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவன் ஆசிரியர் கூறியிருந்தார். அவனிடம் மார்கன் கண்டது அறிவுக் குறைவுமன்று, அச்சமுமன்று. சொல்லை எழுத்து வடிவில் கைக்கொள்ள இயலாத ஒரு தனித் தடை.

ஆகவே ஒரு வேண்டுகோள். தங்களிடம் வரும் பிள்ளைகளுக்கு அமைதியைத் தாருங்கள்; அதோடு, 'இது வாசிப்புப் பயிற்சிக்கு மாற்றல்ல, சிறப்பாசிரியரிடம் தொடர்ந்து செல்லுங்கள்' என்று பெற்றோரிடம் முதல் நாளிலேயே சொல்லுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர்கள் நம்பிக்கையைப் பெற்றிருக்கும் தாங்கள் சொன்னால் கேட்பார்கள். இன்னொன்றும் உண்டு. 'எனக்குக் குறைபாடு இருந்தபோதிலும்' என்ற தொடரைக் குழந்தையின் வாயால் நாளுக்கு இருபது முறை சொல்லவைக்க வேண்டாம். 'இந்தப் பக்கத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, ஆனாலும் ஒரு வரி படித்துப் பார்க்கிறேன்' என்று சொன்னால் அது அந்த நேரத்து உணர்வோடு நிற்கும். முன்னது குழந்தையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை நான். எங்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில், குழந்தை ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு விரலைத் தட்டிச் சொல்லைப் பிரிக்க வேண்டும் என்று காட்டினார்கள். தட்டுவதால் பயனில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே. இதையும் விட்டுவிட வேண்டுமா? தமிழுக்கு இது பொருந்துமா?
— ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: விட்டுவிட வேண்டாம். பெயர் ஒன்றாக இருப்பதால் நேர்ந்த குழப்பம் இது. இக்கடிதம் வராதிருந்தால், என் ஒரு வரி எத்தனை வகுப்பறைகளில் ஒரு நல்ல பழக்கத்தை நிறுத்தியிருக்குமோ என்று கவலைப்படுகிறேன்.

நீங்கள் கற்ற விரல் தட்டலில் புருவமும் காறை எலும்பும் இல்லை. சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் ஆனா கில்லிங்ஹாம் என்ற கல்வியாளரும் அமெரிக்காவில் 1930களில் தொடங்கிய, கண்ணையும் காதையும் கையையும் ஒருசேர ஈடுபடுத்தும் கற்பித்தல் மரபின் வழிவந்தது இது. 'கேட்' (cat) என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கட்டைவிரலை ஆட்காட்டி விரலோடும், நடுவிரலோடும், மோதிர விரலோடும் முறையே தட்டி மூன்று ஒலிகளைச் சொல்லி, பிறகு கட்டைவிரலை விரல்கள் வழியே இழுத்து ஒலிகளைச் சேர்த்துச் சொல்வார்கள். 'ஷிப்' (ship) என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் எழுத்துகள் நான்கு, தட்டல்கள் மூன்றுதான். ஒலி வேறு, எழுத்து வேறு என்பதைக் குழந்தை தன் விரலிலேயே உணர்கிறது. இங்கே தட்டல் சிகிச்சையன்று. காதில் விழுந்து மறைந்துவிடும் ஒலியை எண்ணிப் பார்ப்பதற்குக் கையில் ஒரு பிடி.

தமிழுக்கு இது அயலான கருத்தே அன்று. தமிழ் இலக்கணம் ஒலியை அளந்ததே கண்ணிமையையும் கைந்நொடியையும் கொண்டுதான். 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்கிறது தொல்காப்பியம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இந்தக் கணக்கை மனப்பாடப் பகுதியாக வைத்துப் பரீட்சையில் கேட்கிறோமே தவிர, வாசிக்கத் தடுமாறும் குழந்தையின் கையில் கொடுப்பதில்லை. கொடுத்துப் பாருங்கள். 'படு' என்பதற்கு மேசையில் இரண்டு தட்டு. 'பாடு' என்பதற்கு முதல் ஒலியில் விரலைத் தட்டி அப்படியே நீள இழுத்து, அடுத்ததற்கு ஒரு தட்டு. கல், கால், கொடு, கோடு, விடு, வீடு என்று இணைகளாகச் செய்யலாம்.

மெய்யெழுத்தில்தான் நம் பிள்ளைகள் மிகுதியும் தடுக்கி விழுகிறார்கள். என்னிடம் படித்த ஒரு சிறுமி 'பட்டம்' என்று எழுதச் சொன்னால் எப்போதும் 'படம்' என்றே எழுதுவாள். எத்தனை முறை திருத்தினாலும் மறுநாள் அதேதான். இடையில் நிற்கும் 'ட்' அவள் காதுக்குத் தனியே எட்டவில்லை என்பது எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின. மெய்க்குத் தட்டாமல் விரலை மேசையில் அழுத்தி நிறுத்தச் சொன்னேன்: 'ப' என்று தட்டு, 'ட்' என்று அழுத்து, 'ட' என்று தட்டு, 'ம்' என்று அழுத்து. நிறுத்தத்தை விரல் உணர்ந்த பிறகு எழுத்தும் மெல்ல வந்தது. ஒரே வாரத்தில் வந்துவிடவில்லை. ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று.

உயிர்மெய்யைப் பிரிப்பதற்கும் இரு விரல் போதும். 'கொ' என்பதை எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, பிறகு ககரம், பிறகு கால். காது கேட்பதோ முதலில் 'க்', பிறகு 'ஒ'. ஒலியின் வரிசை ஒன்று, எழுத்தின் வரிசை வேறு. சாதாரணக் குழந்தை இதைக் கவனிக்காமலேயே கடந்துவிடும். டிஸ்லெக்சியா உள்ள குழந்தை இங்கேயே நின்றுவிடும். 'க்' என ஒரு விரல், 'ஒ' என ஒரு விரல் தட்டி, இரண்டையும் சேர்த்துச் சொல்லி, அதன் பிறகே எழுத வையுங்கள்.

விரல் உதவாத இடமும் உண்டு. 'ந' என்ற எழுத்துக்கும் 'ன' என்ற எழுத்துக்கும் இன்றைய பேச்சில் ஒலி வேறுபாடு ஏறக்குறைய இல்லை. தட்டிப் பார்த்து எதைப் பிரிப்பது? சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் வருவது 'ந', றகரத்துக்கு முன் வருவது 'ன', டகரத்துக்கு முன் வருவது 'ண' என்று இடத்தைக் கொண்டுதான் கற்பிக்க வேண்டும். வாசிப்பில் சரளம் வந்துவிட்ட குழந்தையிடம் தட்டலை மெல்லக் குறைத்துவிடுங்கள். அப்போது அது தடையாகிவிடும்.

தாளத்தைப் பற்றியும் ஒரு சொல். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உஷா கோஸ்வாமி, டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளுக்குப் பேச்சின் தாளத்தை, அதாவது அசைகள் ஏறி இறங்கும் ஒழுங்கை உணர்வதில் சிரமம் இருப்பதாக ஆய்ந்து, 2011இல் அதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். சீரான தாளத்துக்கு ஏற்பக் கை தட்டச் சொன்னால் இப்பிள்ளைகள் பலர் தவறவிடுகிறார்கள். கை தட்டிப் பாட்டுப் பாடும் இரண்டாம் வகுப்பில் எந்தக் குழந்தை எப்போதும் தாளம் தவறுகிறது என்பதைப் பார்த்து வையுங்கள். அதைக்கொண்டு எதையும் முடிவு செய்துவிட வேண்டாம். ஆனால் அந்தக் குழந்தை வாசிக்கும்போது சற்றுக் கூடுதலாகக் கவனியுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்திக்கு டிஸ்லெக்சியா. பொதுத் தேர்வு நெருங்க நெருங்க உறக்கமின்றித் தவிக்கிறாள். மனம் அமைதியடைவதற்காக மட்டும் தட்டிக்கொள்ளலாமா?
— ஒரு தாத்தா, தஞ்சாவூர்

பதில்: தட்டிக்கொள்ளலாம் ஐயா, அதனால் தீங்கில்லை, செலவுமில்லை. மெதுவாக மூச்சை இழுத்து அதைவிட மெதுவாக விடுவதும், தசைகளை இறுக்கித் தளர்த்துவதும் இதே பயனைத் தரக்கூடியவை. மூன்றில் அவளுக்கு எது இயல்பாக வருகிறதோ அதைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே பழக்குங்கள்; தேர்வு நாளன்று புதிதாகத் தொடங்கினால் பயன்படாது. உறக்கமின்மை தொடர்ந்தால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

அவளுடைய அச்சத்தில் ஒரு பகுதி நியாயமானது என்பதையும் மறக்க வேண்டாம். மூன்று மணி நேரத் தாளைப் படித்து முடிப்பதற்கே அவளுக்கு மற்றவர்களைவிட நேரம் மிகுதியாகத் தேவைப்படும். அந்த அச்சத்தைத் தட்டி நீக்க முடியாது. கூடுதல் நேரம் கொடுத்தால் நீங்கும். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழித் தாளிலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளைக் கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்குகிறது. மருத்துவச் சான்றிதழோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். சலுகை கேட்பதை இழிவாக எண்ணிப் பெற்றோர் தயங்கி, கடைசி வாரத்தில் ஓடி வருவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பேத்திக்கு அனுமதி ஆணை வந்துவிட்டதா என்பதை நாளைக்கே பள்ளியில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 26. எனக்கு டிஸ்லெக்சியா என்பதே இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தெரிந்தது. போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கிறேன். பள்ளியில் மக்கு என்று பெயர் வாங்கியதன் வலி இன்றும் போகவில்லை. தட்டுதல் எனக்கு ஆறுதல் தருகிறது. அதையும் வீண் என்று சொல்லிவிடுவீர்களா?
— ஓர் இளைஞர், திருநெல்வேலி

பதில்: சொல்ல மாட்டேன் தம்பி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கேட்ட அந்தச் சொல்லின் வலிக்கு எது ஆறுதல் தருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வலி ஆழமாக இருந்தால் ஓர் உளவியல் ஆலோசகரிடமும் பேசுங்கள். உங்களுக்கு வலியைத் தந்தது எழுத்து அல்ல. எழுத்து வராததற்காக உங்களை நடத்திய விதம். அந்தக் காயத்துக்கு ஆறுதல் தேடுவது முறையானதே.

தேர்வுக்கு வேண்டியவற்றைத் தனியாகப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. நாற்பது விழுக்காட்டுக்குக் குறைவான பாதிப்பு என்பதைக் காட்டிச் சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் ஒரு குடிமைப் பணித் தேர்வர் தொடுத்த வழக்கு அது. அதைத் தொடர்ந்து மத்திய அரசு 2022இல் வழிகாட்டுதலும் வெளியிட்டது. சான்றிதழ் பெற்றிருந்தால், தேர்வு அறிவிக்கை வந்தவுடன் விண்ணப்பத்திலேயே அந்தப் பகுதியை நிரப்பிவிடுங்கள். பிறகு சேர்ப்பது கடினம். பாடங்களை, கைப்பேசியில் உரையை வாசித்துக் காட்டும் வசதியைக் கொண்டு காதால் கேட்டபடி கண்ணால் தொடர்ந்து வாருங்கள். பழைய வினாத்தாள்களை மட்டும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கண்ணாலேயே படித்துப் பழகுங்கள், நாளுக்கு ஒரு பக்கம் போதும்.